மேலே மூடாத குல்லா

இல்லைங்க, கடையில் வாங்கினது இல்லை. மிஷினில் போட்டதும் இல்லை. கையால் பின்னினதுதான். பின்னினது பொம்பளையும் இல்லை. என் சம்பந்தி பச்சையப்பன் பின்னினார். பெரிய மீசைக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். நூலும் அவரே நூற்றதுதான்.

யாரும் கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் என் பேத்தியைப் பார்க்க வருகிறவர்கள் முதலில் முகத்தைப் பார்க்கிறார்கள், அப்புறம் தலையைப் பார்க்கிறார்கள். அவர்கள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிடுகிறேன்.

"பால்காரன் வண்டிய நிறுத்தவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சிட்டியே" என்கிறாள் என் வீட்டுக்காரி பொன்னியம்மாள். "அந்த ஆளு பால ஊத்திட்டுப் போவ வேணாமா?"

ஊத்தட்டும். கேட்டுக்கொண்டே ஊத்தட்டும். பேத்தி பிறந்தவனுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

நான் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட். பொன்னியம்மாள் கைத்தறி வீடுகளின் நூலுக்குக் கஞ்சி போட்டுக் கொடுப்பாள். பழைய சோற்றை அரைத்து, மெல்லிசாகக் காய்ச்சி, வடிகட்டி, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு அவள் போடுகிற கஞ்சியில் நூல் தறியில் அறுந்துபோகாது. எங்கள் தெருவில் அவள் கைக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் ஒரே மகன் சுனில். ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலை. அவன் பெண்டாட்டி காவ்யா. காவ்யாவின் அப்பாதான் பச்சையப்பன்.

அவருக்கு விஜயபுரம் பக்கம் ஊர். கொஞ்சம் வேர்க்கடலை நிலம் இருக்கிறது. சின்ன வயசிலேயே பட்டாளத்தில் சேர்ந்து, வடக்கே மலைமேல் சாமான் லாரி ஓட்டினார். அங்கே பனி விழுந்தால் ரோடு அடைத்துவிடும். லாரிகள் வரிசையாக நிற்கும். ரோட்டில் பனி வாருகிற ஆம்பிளைகள் வேலை இல்லாத நேரத்தில் நடந்துகொண்டே கம்பளி நூற்பார்களாம், நம் ஊரில் பீடி பிடிக்கிற மாதிரி. மற்ற டிரைவர்கள் சீட்டு ஆடினார்கள். இவருக்குச் சீட்டு வராது. அதனால் தக்ளியைக் கையில் எடுத்தார். அங்கேயே பின்னவும் கற்றுக்கொண்டார். ஊசி கிடைக்காத இடம். சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வெட்டி, இரண்டு முனையையும் கல்லில் தேய்த்து ஊசி ஆக்கினார். அந்தக் கம்பிகளைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறார்.

சுனிலுக்குப் பெண் பார்க்கப் போனபோதுதான் அவரை முதலில் பார்த்தேன். பெரியவர்கள் பாயில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறோம், அவர் ஒரு ஓரமாக நின்று தக்ளி சுற்றிக்கொண்டிருக்கிறார். கூட வந்த எத்திராஜ் வாய்க்கொழுப்பு பிடித்த ஆள்.

"இன்னா சார், பொண்ணு பூ கட்டுது, அப்பன் நூலு நூக்கறாரு. இந்த வூட்ல சமைக்கறது யாரு?" என்றான்.

"ரெண்டு பேருந்தான். ஒக்காந்து துன்னுட்டு, எது யாரு சமைச்சதுன்னு சொல்லுங்க" என்றார் பச்சையப்பன்.

எத்திராஜால் சொல்ல முடியவில்லை. பச்சையப்பன் பெண்டாட்டி கன்னிகா, காவ்யா ஒன்பதாவது படிக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம் அவரே பெண்ணுக்குத் தலை வாரி, ஜடை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பேன் பார்த்து வளர்த்தார். மீசை வைத்த ஆள் திண்டாடுகிறாரே என்று ஊரில் பொம்பளைகள் உதவிக்கு வந்தார்களாம். ஜடையைப் பார்த்துவிட்டு, தங்கள் பெண்களையும் அனுப்ப ஆரம்பித்தார்களாம். இதைக் காவ்யாதான் எங்களுக்குச் சொன்னாள்.

கன்னிகா கிணற்றடியில் ஒரு பருத்திச் செடி வைத்திருந்தாள். விளக்குக்குத் திரி போட. அது வருஷா வருஷம் காய்க்கிற பெரிய செடி. அவள் போனபிறகும் அவர் அதை வெட்டவில்லை. கார்த்திகை வந்தால் சொந்தக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் திரிக்குப் பஞ்சு கொண்டுபோய்க் கொடுப்பார். எங்கள் வீட்டுக்கும் ஒரு பை வரும். பொன்னியம்மாள் அதைச் சாமி மாடத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் திரி போடுவாள்.

இனிமேல் குல்லா கதை.

போன வருஷம் காவ்யாவுக்கு ஐந்தாம் மாசத்தில் கலைந்துபோனது. ஐப்பசியில் மறுபடி நின்றது. நின்றதிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதில்லை. சாப்பாடு பற்றிப் பேசுவோம், மாத்திரை பற்றிப் பேசுவோம், ஸ்கேன் பற்றிப் பேசுவோம். பிள்ளை என்ற வார்த்தை வாயில் வராது. எங்களில் பிறக்காத பிள்ளைக்கு முன்கூட்டி ஒன்றும் செய்யக் கூடாது. துணி எடுக்கக் கூடாது, தொட்டில் வாங்கக் கூடாது. பிறந்த பிறகு பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுவோம், அப்புறம்தான் புதுத்துணி. இது எல்லோரும் செய்வது. ஆனால் ஒரு தடவை இழந்தவர்கள் கொஞ்சம் அதிகமாகச் செய்வார்கள். பொன்னியம்மாள் அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டாள்.

இன்னொன்று. தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே தாய் இல்லை. "ஆம்பள ஒருத்தரு தனியா இருக்கற வூட்டுக்கு எப்படிண்ணா அனுப்பறது? இங்கியே இருக்கட்டும்" என்றாள் பொன்னியம்மாள். பச்சையப்பன் சரி என்று தலையாட்டினார். நியாயம்தானே. ஆனால் தலையாட்டின பிறகு அவர் டீ குடிக்காமல் எழுந்துபோய், தெருக் கோடி வரை நடந்துவிட்டு வந்தார். பெண்ணுக்கு அப்பன் செய்ய வேண்டியது என்று அவருக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

மாசி மாசம் ஒரு நாள் அவர் கடலை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நான் ஷெட் வாசலில் தார்க்குச்சியில் ஊடு நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். காவ்யா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நைனா, அம்மா வெச்ச பருத்தி வெடிச்சிருக்குதா?"

"வெடிச்சிருக்கும்மா. ஏன்?"

"அதுல நூலு நூத்து எம்புள்ளைக்கு ஒரு குல்லா பின்னிக் குடு."

அவர் கடலை உரிப்பதை நிறுத்தினார். "பொறக்கட்டும். பொறந்த அன்னிக்கே பின்றேன்."

"பொறந்தப்புறம் எல்லாருந்தான் குடுப்பாங்க. எனக்கு இப்ப வேணும். இந்த வூட்ல யாருமே புள்ள வரும்னு சொல்ல மாட்டேங்கறாங்க நைனா. மாத்திர துன்னியான்னு கேக்கறாங்க, ரத்தம் எம்மாம் இருக்குதுன்னு கேக்கறாங்க. புள்ள இன்னா பண்ணுதுன்னு ஒருத்தரு கேக்கல. நீயாவது அது வரப் போவுதுன்னு நெனச்சிக்கினு ஒரு வேல செய்யி."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பச்சையப்பன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சம்பந்தி, காதுல வுயுந்துதா?"

"எனக்கு ஒண்ணியும் வுயல" என்றேன். பொன்னியம்மாளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

"வுயலன்னு சொல்றதுக்கு எதுக்கு இம்மாம் வேர்க்குது?" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார். "செய்யட்டுமா, வேணாமா?"

பின்னினால், நாளைக்கு ஏதாவது ஆனால் பழி அவர் தலையில் விழும். அம்மா இல்லாத வீட்டு ஆள், முறை தெரியாமல் செய்தான் என்பார்கள். பின்னாவிட்டால், பெண் வாயைத் திறந்து கேட்ட ஒரே ஒன்றை இல்லை என்றவர் ஆவார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நூலுக்கா பஞ்சம்? ஷெட்டு நெறைய கோன் கெடக்குது. சன்ன நூலா எடுத்துக்கினு போங்க."

"அது மில்லு நூலு சம்பந்தி. அவ கேட்டது அவுங்க அம்மா பஞ்சு" என்றார். அவர் பின்னப்போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் அவர் எங்கே போனாலும் தக்ளி கூடவே போனது. பஸ்ஸில் நின்றுகொண்டே நூற்றார். கண்டக்டர் தெலுங்குக்காரப் பையன்.

"ஏமி தாத்தா, பஸ்லோ தாரம் தீஸ்துன்னாவா?" என்று கேட்டானாம், பஸ்ஸில் நூல் எடுக்கிறாயா என்று.

"டிரைவர்னி மெல்லகா போம்மனு. தெகிபோதுந்தி" என்றாராம் இவர். மெல்லப் போகச் சொல்லு, அறுந்துவிடும். அன்றைக்கு டிரைவர் பள்ளம் பார்த்து ஓட்டினார் என்று சத்தியம் செய்கிறார். நான் நம்பவில்லை.

பங்குனியில் டாக்டரம்மா காவ்யாவைப் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். சுனிலுக்கு ஷிப்ட். பொன்னியம்மாளுக்குக் கஞ்சி வேலை. அதனால் பச்சையப்பன் ஒரு பை துணியோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். தண்ணீர் பிடிப்பார், காய் நறுக்குவார், பெண்ணுக்குத் தலை வாருவார். பையின் அடியில் நூற்ற நூல் இருந்தது. புதுசாக நூற்ற நூல் முறுக்கிக்கொண்டு நிற்கும், அதை நனைத்துத் தொங்கவிட்டால்தான் அடங்கும். அவர் நூலை வளையம் வளையமாகச் சிட்டம் சுற்றி, நனைத்து, எங்கள் கொடியின் கோடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கவிட்டார்.

நகரியில் நூலை ஒளிக்க நினைத்தால் நூல் கொடியில் போடுவதுதான் புத்தி என்று நினைத்துவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. அந்தக் கொடியில் எதிர்வீட்டுக் கமலம்மாவின் தறிநூல் சிட்டம் சிட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்தது, கஞ்சி போட. பொன்னியம்மாள் எல்லாவற்றையும் மொத்தமாக வாரிக்கொண்டு போனாள். கஞ்சியில் முக்கினாள், பிழிந்தாள், வெயிலில் விரித்தாள். சாயந்திரம் எடுக்கும்போது அவள் கை ஒரு சிட்டத்தில் நின்றது.

பச்சையப்பன் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கமலம்மாவுக்கு அறிவே இல்ல" என்றாள் பொன்னியம்மாள். "எந்தக் கடையில வாங்கினாளோ. ஒரு எடத்துல கயிறு மாதிரி குண்டா இருக்குது, ஒரு எடத்துல முடி மாதிரி சன்னமா இருக்குது. இத நூத்தவன் கண்ணு அவிஞ்சவனா இன்னா?"

அவரைக்காய் கிள்ளுகிற சத்தம் நின்றது.

"நாந்தான் தங்கச்சி" என்றார்.

"நீங்களாண்ணா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாதான் இருக்குது. சொம்மா சொன்னேன். எதுக்கு இது?"

அவருக்குப் பொய் வராது. "குல்லாவுக்கு."

"இந்த வெயில்ல யாருக்குக் குல்லா?"

நான் மெல்ல எழுந்து ஷெட்டுக்குள் போய்த் தறியை ஓடவிட்டேன். தறி ஓடினால் ஒன்றும் கேட்காது. ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா நாலு தடவை போய் வந்திருக்கும், கரண்ட் போய்விட்டது. எல்லாம் கேட்டது.

"உங்களுக்குத் தெரியாதாண்ணா? வவுத்துல இருக்கற புள்ளைக்கு யாராவது துணி எடுப்பாங்களா? ஒண்ணு போயிட்டுது. இன்னொண்ணு போனா யாரு தாங்கறது? உங்க பொண்ணு தாங்குவாளா? நானு தாங்குவனா?"

"தப்புதான் தங்கச்சி. வுட்டுடறேன்."

அவர் அவ்வளவுதான் சொன்னார். பெண்ணைக் கொடுத்தவர், பெண் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து சோறு தின்கிறவர், வேறு என்ன பேசுவார்? கஞ்சியில் கம்பி மாதிரி விறைத்துப்போன சிட்டங்களை எடுத்து மடித்தார். மடிகிறபோது அப்பளம் உடைகிற மாதிரி சத்தம் வந்தது.

காவ்யா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

"நாந்தான் அத்தே கேட்டேன். நைனா வேணான்னுதான் சொல்லிச்சி."

"நீ மொதல்ல படு."

"படுக்கறேன். ஒண்ணு சொல்லிட்டுப் படுக்கறேன். போன தடவ நாம ஒண்ணுமே வாங்கல அத்தே. ஒரு கைக்குட்ட கூட வாங்கல. நீ சொன்ன மாதிரியே இருந்தேன். அப்பவும் போயிட்டுது."

 எதிர்வீட்டில் கமலம்மா ஜன்னலை மெல்லத் திறந்தது கேட்டது.

பொன்னியம்மாள் வந்து கீழே உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அந்த விறைத்த நூலை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கஞ்சி உதிர்ந்து மாவாக விழுந்தது.

"இத எப்படிண்ணா பின்னுவீங்க?"

அவர் பையிலிருந்து சைக்கிள் கம்பிகளை எடுத்துக் காட்டினார். மூன்று கம்பியில் கண்ணிகள் வட்டமாக நிற்கும், நாலாவது கம்பியால் சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டு மேலே போக வேண்டும் என்றார்.

"கம்பியிலேர்ந்து எப்ப எடுப்பீங்க?"

"உச்சிய மூடினப்புறந்தான். மூடாம உருவினா கண்ணி எல்லாம் அவுந்து வெறும் நூலாப் பூடும்."

"வெறும் நூலாப் பூடுமா?"

"ஒரே இழுப்புல."

பொன்னியம்மாள் என் பக்கம் திரும்பினாள். நான் கரண்ட் வருகிறதா என்று பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யோவ், தறியில இருக்கறப்ப அத பொடவன்னு சொல்லுவமா?"

"எப்படிச் சொல்றது? அறுத்து எறக்கினாத்தான் பொடவ. அது வரிக்கும் வெறும் பாவு நூலுதான்" என்றேன். எங்கள் தொழிலில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். தறியில் இருக்கிற சேலைக்கு யாரும் பொட்டு வைப்பதில்லை.

"அப்படின்னா கம்பியில இருக்கற வரிக்கும் அதுவும் நூலுதான். குல்லா இல்ல" என்றாள். "பின்னுங்கண்ணா. ஆனா மூடாதீங்க. வூட்டுக்குள்ள வெக்காதீங்க. ஷெட்டு ஆணியில மாட்டுங்க."

காவ்யா "சரி அத்தே" என்று போய்ப் படுத்தாள். அன்றைக்கு ராத்திரி இன்னும் ஒரு தோசை கேட்டு வாங்கித் தின்றாள்.

கஞ்சியை எடுப்பது பெரும்பாடாக இருந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு அலசினார், மறுபடி ஊறப்போட்டார். எறும்பு மோப்பம் பிடித்துக்கொண்டு கொடி வரைக்கும் ஏறியது.

"எங்கையால போட்ட கஞ்சி அம்மாம் சீக்கிரம் போவாது" என்று பொன்னியம்மாள் கூடவே உட்கார்ந்து அலசினாள். பயத்தில் சொன்னாளா, பெருமையில் சொன்னாளா தெரியாது. சன்னமான இடங்களில் நூல் அறுந்து அறுந்து போனது. பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் மிஞ்சியது. இன்றைக்கும் அந்தக் குல்லாவை முகர்ந்தால் வடித்த சோற்று வாசனை லேசாக வரும். இல்லை என்கிறான் சுனில். அவனுக்கு மூக்கு சரியில்லை.

பச்சையப்பன் நெற்றிப் பக்கத்திலிருந்து பின்ன ஆரம்பித்தார். ஷெட் வாசலில் உட்கார்ந்துதான் பின்னுவார். காவ்யா கட்டிலில் இருந்தே கேட்பாள்.

"நைனா, எம்மாம் வந்துது?"

"ரெண்டு வெரல்."

பொன்னியம்மாள் அந்தப் பக்கம் போகும்போது பார்க்காத மாதிரிப் போவாள். ஒரு நாள் நின்றுவிட்டாள்.

"காது மறையுமாண்ணா?"

"காது மறையற அளவுக்குத்தான் போட்டிருக்கறேன்."

"அவுங்க அப்பனுக்குக் காது பெருசு. கொஞ்சம் எறக்கிப் போடுங்க" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து, சட்டென்று உள்ளே போய்விட்டாள். பிள்ளைக்குக் காது இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தர் முதல் தடவையாகச் சொன்னது அன்றைக்குத்தான். காவ்யா கட்டிலில் சிரிப்பது எனக்குக் கேட்டது.

உச்சியைக் குறைத்து மூட வேண்டிய இடம் வந்தபோது நூல் தீர்ந்துபோனது. செடியிலும் காய் தீர்ந்துவிட்டது. "மூடப் போறதில்லையே, பரவால்ல" என்று அவர் கண்ணிகளைக் கம்பியோடு துணியில் சுற்றி, பையில் போட்டு, ஆணியில் மாட்டினார்.

வைகாசியில் ஒரு விடியற்காலை, சொன்ன தேதிக்கு ரொம்ப முன்னாலேயே, காவ்யாவுக்கு வலி வந்துவிட்டது. சுனில் கார் பிடித்தான். புத்தூர் தாண்டி திருப்பதி போகிற வரைக்கும் பொன்னியம்மாள் காவ்யாவின் கையை விடவில்லை. பச்சையப்பன் முன் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். "அங்க பள்ளம், மெல்ல" என்று இரண்டு தடவை சொன்னார். 

காவ்யாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆஸ்பத்திரி வாசலில் மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். பொன்னியம்மாள் எண்ணெயும் அகலும் திரிப் பஞ்சும் கையோடு கொண்டுவந்திருந்தாள். விளக்கு ஏற்றிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸம்மா கதவைத் திறந்தார்.

"ஆடபில்ல" என்றார்.

பெண் குழந்தை. எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். ஆனால் நர்ஸம்மா நிறுத்தவில்லை. எடை குறைவு, சூட்டில் வைத்திருக்கிறோம், தலை குளிரக் கூடாது, குல்லா இருந்தால் கொடுங்கள் என்றார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். எங்களிடம் மெத்தென்று துவைத்த பழைய வேட்டி இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. சுனில் ஓடிப்போய்க் கடையில் ஒரு குல்லா வாங்கிவந்தான். நர்ஸம்மா உள்ளே கொண்டுபோய், உடனே திருப்பிக் கொண்டுவந்தார். அது கழுத்து வரைக்கும் இறங்குகிறதாம்.

பொன்னியம்மாள் பச்சையப்பன் பக்கம் திரும்பினாள். "அறுத்து எறக்குங்கண்ணா" என்றாள்.

"நூலு இல்ல தங்கச்சி."

அவர் பையைத் திறந்து காட்டினார். கண்ணிகள் கம்பியில் வட்டமாக நின்றன. உச்சி திறந்துகிடந்தது. பொன்னியம்மாள் தன் பையில் கையை விட்டாள். திரிப் பஞ்சை எடுத்தாள்.

"இது நீங்க குடுத்ததுதானே? போன கார்த்திகைக்கு?"

அவர் வாங்கி விரலால் பிரித்துப் பார்த்தார். "கன்னிகா செடிதான்" என்றார்.

அங்கேயே தாழ்வாரத்தில் நின்று நூற்றார். தக்ளி அவர் சட்டைப் பையில்தான் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் அறுக்காத கை அன்றைக்கு நூலை இரண்டு தடவை அறுத்தது. மூன்றாவது தடவையும் அறுந்தபோது பொன்னியம்மாள் பக்கத்தில் போய் நின்றாள்.

"கஞ்சி போடட்டுமா?" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். சத்தமாகவே சிரித்தார், பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதற்கப்புறம் நூல் அறாமல் நின்றது. வேண்டிய அளவு நூற்று, பெஞ்சில் உட்கார்ந்து, பழைய நூலோடு முடிச்சுப் போட்டு, இரண்டு இரண்டு கண்ணியாக ஒன்றாக்கிக்கொண்டே போய், கடைசியில் எல்லாக் கண்ணியிலும் நூலைக் கோத்து இழுத்தார். உச்சி மூடிக்கொண்டது. கம்பிகள் மூன்றும் அவர் மடியில் விழுந்தன. நர்ஸம்மா சொன்னபடி வெந்நீரில் அலசி, காயவைத்துக் கொடுத்தோம்.

கொஞ்சம் பெரிசுதான். புருவம் வரைக்கும் வந்தது. கழுத்துக்கு இறங்கவில்லை, அது போதும். கஞ்சி பட்ட இடமெல்லாம் பழுப்பாகவும், உச்சி மட்டும் வெள்ளையாகவும் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

காவ்யாவைப் பார்க்க முதலில் அவரைத்தான் விட்டோம். நான் கதவுப் பக்கம் நின்றேன்.

"மூடிட்டியா நைனா?" என்று கேட்டாள்.

"மூடிட்டேம்மா."

அதுவரைக்கும் அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் பேத்தியை வீட்டுக்கு விட்டார்கள். தொட்டில் போட்ட அன்றைக்குத் தெருவே வந்திருந்தது. சீர்த்தட்டு எங்கே என்று கமலம்மா கேட்டாள், வேண்டுமென்றே. தாய் இல்லாத வீட்டிலிருந்து என்ன வந்தது என்று பார்க்க வேண்டுமே. பொன்னியம்மாள் பிள்ளை தலையிலிருந்து குல்லாவைக் கழற்றி, தட்டில் வெற்றிலைக்குப் பக்கத்தில் வைத்து, எல்லோருக்கும் நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

"தாய் வூட்டு சீரு" என்றாள். "பஞ்சு சம்பந்தியம்மாது, வேல அண்ணனுது. கஞ்சி என்னுது." அப்புறம் தலை குளிரும் என்று உடனே எடுத்து மாட்டிவிட்டாள்.

இப்போது ஆவணி. பிள்ளை நன்றாகத் தேறிவிட்டாள். என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், மற்றவர்களைப் பார்த்தால் யோசிக்கிறாள். காது சுனில் காதுதான். குல்லா இறுக ஆரம்பித்துவிட்டது. பச்சையப்பன் சொந்தக்காரர்கள் வீடுகளில் மிச்சம் இருந்த திரிப் பஞ்சை எல்லாம் தேடி வாங்கி, நூற்றுக் கொண்டுவந்திருக்கிறார். இன்று காலை ஷெட் வாசலில் உட்கார்ந்து புதுசாகக் கண்ணி போட்டுக்கொண்டிருந்தார். பொன்னியம்மாள் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மார்கழிப் பனிக்கு ஆவற மாதிரி இப்பவே பெருசா ஒண்ணு போட்டு வெச்சிடுங்கண்ணா" என்றாள்.

அவர் கம்பியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போடறேன் தங்கச்சி. ஆனா மேல மூடாம வெக்கறேன். தல எம்மாம் வளருதுன்னு பாத்துட்டு மூடிக்கலாம்."